சவரக் கத்தி சொல்லும் சரித்திரம்



வீடு மாறும்போதுதான் நம் வீட்டில் என்னென்ன சாமான்கள் இருக்கின்றன என்பது நமக்கே தெரிய வருகிறது. பேராக் மாநிலத்தின் பழைய கித்தாத் தோட்டங்கள் பல, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயத்தைக் காலி செய்து ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் மற்ற ஊர்களுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். சாமான்களை இறக்கும்போது சில வீடுகளில் ஒரு பழைய தகரப் பெட்டி அகப்படுகிறது. திறந்தால், துருவேறிய மடக்குக் கத்திகள் நாலைந்து, விறைத்துப்போன தோல் வார் ஒன்று, நடுவில் தேய்ந்து பள்ளமான சாணைக்கல் ஒன்று. பாட்டனாரோ முப்பாட்டனாரோ தோட்டத்தில் முடி திருத்தியவர் என்பதற்கு அந்தப் பெட்டியே சாட்சி.

அதன்பின் அந்தப் பெட்டி என்ன ஆகிறது? பழைய இரும்பு வாங்குபவரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடுகிறோம். இன்னும் சிலர், பளபளப்பாக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், பட்டறையில் கொடுத்து இயந்திரச் சாணையில் தேய்த்துவிடுகிறார்கள். இரண்டிலும் அழிவது ஒன்றுதான்: அந்த இரும்பில் எழுதியிருக்கும் சரித்திரம். அது என்ன சரித்திரம், அதை எப்படிப் படிப்பது, எப்படிக் காப்பது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் கத்தி எதனால் ஆனது என்று கேட்போம். சாதாரண இரும்பில் சவரக் கத்தி செய்ய முடியாது. கூர் நிற்க வேண்டுமானால் உருக்கு வேண்டும். இரும்போடு கரி சரியான அளவில் சேர்ந்தால் அது உருக்கு ஆகும். இந்த வித்தையில் தென்னிந்தியர் மிகப் பழங்காலத்திலேயே தேர்ச்சி பெற்றிருந்தனர். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை அகழ்வாராய்ச்சியாளர்கள் கண்டெடுத்தனர். இரும்புத் துண்டையும் மரத்துண்டு, இலை முதலியவற்றையும் களிமண் மூசைக்குள் இட்டு, வாயை அடைத்து, உலையில் வைத்து ஊதுவார்கள். உள்ளே இரும்பு கரியை ஏற்று உருகி, கட்டியாக இறுகும். இந்த உருக்கை ஆங்கிலேயர் 'ஊட்ஸ்' என்று அழைத்தனர். 'உருக்கு', 'உக்கு' என்னும் நம் தென்னாட்டுச் சொற்களே அப்படித் திரிந்தன என்பது அறிஞர் பலரின் கருத்து.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த உருக்கின் மாதிரிகள் பம்பாயிலிருந்து லண்டனுக்குச் சென்றன. 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் அதைப் பற்றி அங்குள்ள ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தி வியாபாரி, தாம் கண்ட உருக்குகளில் இந்திய உருக்கே கத்திக்குச் சிறந்தது என்று விளம்பரமே செய்தார். அவரோடு சேர்ந்து இந்த உருக்கை ஆராய்ந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் மின்சார ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே. அவரும் ஒரு கொல்லரின் மகன்தான். நம் நாட்டு உருக்கைப் போல ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தொடங்கிய இருவரும், வெவ்வேறு உலோகங்களை உருக்கோடு கலந்து பார்த்தனர். அந்த முடிவுகளை 1820இலும் 1822இலும் வெளியிட்டனர். உருக்கு 500 பங்குக்கு வெள்ளி ஒரு பங்கு சேர்த்தால் நல்ல கத்தி கிடைக்கும் என்பது அவற்றில் ஒன்று. தங்கள் கலவையில் செய்த சவரக் கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகவும் அளித்தனர். அதன்பிறகு 'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்த சவரக் கத்திகள் கடைகளில் பெருகின. அவற்றில் பலவற்றில் வெள்ளி ஒரு துளியும் இல்லை என்பது வேறு விஷயம்!

இங்கிலாந்தில் கத்தித் தொழிலுக்குத் தலைநகரம் ஷெபீல்டு. அங்கே 1740ஆம் ஆண்டளவில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி, மூசையில் உருக்கை முழுவதும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கும் தமிழகத்திற்கும் பின்னாளில் ஓர் உறவு ஏற்பட்டது. சேலம் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஏற்படுத்தினார். அவர் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் உரிமை பெற்றார். ஷெபீல்டு முதலாளிகளுக்கு அந்த முறையால் பெருத்த லாபம் கிடைத்தது. ஹீத்துக்குக் கிடைத்தவை வழக்குகளும் கடனுமே.

இந்தக் கத்திகள் நம் லயங்களுக்கு எப்படி வந்தன? 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 கன்றுகள் நம் கோலகங்சாரில் நடப்பட்டன. பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியது. காடுகள் தோட்டங்களாயின. கங்காணிமார் அழைத்து வந்த நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினர். ஆயிரக்கணக்கானோர் வாழும் இடத்தில் முடி திருத்துபவர் இல்லாமல் முடியுமா? அவரும் வந்தார். பெரட்டு இல்லாத ஓய்வு நாளில் மரத்தடியில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த கத்தியோடு, இங்கே கடையில் வாங்கிய ஷெபீல்டு கத்தியும், ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்தியும் அவர் பெட்டியில் சேர்ந்தன.

நேயர்களே, இங்கே ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். கப்பலில் மக்கள் மட்டும் வரவில்லை. சாதியும் கூடவே ஏறி வந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் முடி திருத்துபவருக்கு மருத்துவர், பண்டிதர், பரியாரி என்றெல்லாம் பெயர் உண்டு. கட்டியை அறுத்து மருந்திட்டவர் அவர். பிரசவம் பார்த்த மருத்துவச்சி அவர் வீட்டு அம்மா. கல்யாணத்திற்கும் அவர் வேண்டும், கருமாதிக்கும் அவர் வேண்டும். ஆனால் திண்ணையில் சமமாக உட்கார மட்டும் அவருக்கு இடமில்லை! இங்கிலாந்திலும் முடி திருத்துபவரும் அறுவை வைத்தியரும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கத்தில்தான் இருந்தனர். அங்கே அறுவை வைத்தியர் பிரிந்து சென்று பெரிய டாக்டர் ஆனார். இங்கே மருத்துவர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது, மரியாதை மிஞ்சவில்லை. 1929 டிசம்பரில் மலாயா வந்த தந்தை பெரியார் ஈப்போவிலும் பேசினார். சாதி வேற்றுமைக்கு எதிரான குரல் அந்நாளிலேயே நம் தோட்டங்களை எட்டியது. ஆயினும் இன்றுவரை சில பிள்ளைகள் அந்தத் தகரப் பெட்டியை விருந்தினர் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறார்கள். 'தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேட்டால் என்ன சொல்வது?' என்ற கூச்சம் அவர்களுக்கு. கூச்சப்பட வேண்டியவர் அவர் அல்லர். அவரிடம் கழுத்தை நீட்டிவிட்டு அவரைத் தள்ளி நிற்கச் சொன்னவர்களே கூச்சப்பட வேண்டும்.

இனி, பெட்டியைப் படிக்கும் முறைக்கு வருவோம். ஈப்போவை அடுத்த ஒரு குடும்பத்தின் பெட்டியை அண்மையில் நாங்கள் பார்த்தோம். அதில் நான்கு மடக்குக் கத்திகளும் ஒரு நீட்டுக் கத்தியும் இருந்தன. மடக்குக் கத்தியில் அலகும் கைப்பிடியும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் எழுத்துகள் இருக்கும். முதற் கத்தியில் ஷெபீல்டு என்ற பெயரும், கிரீடமும், 'வி ஆர்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருந்தன. 'வி ஆர்' என்பது 1837 முதல் 1901 வரை ஆண்ட விக்டோரியா அரசியைக் குறிக்கும். இரண்டாவதில் சோலிங்கன், ஜெர்மனி என்று இருந்தது. பிரிட்டனுக்கு வரும் அந்நியச் சரக்குகளில் பிறந்த நாட்டின் பெயர் வேண்டும் என்ற சட்டம் 1887இல் வந்தது. ஆகவே நாட்டின் பெயர் உள்ள கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. முதற் கத்தியின் அலகு ஆப்புப் போலத் தடித்திருந்தது. இரண்டாவதன் அலகு இருபுறமும் குழிவாகச் சாணை பிடிக்கப்பட்டு, விரல் நகத்தால் தட்டினால் ஒலிக்கும் அளவுக்கு மெல்லியது. ஆப்பு வடிவம் பழையது. குழிவு வடிவம் பின்னர் வந்தது. மற்ற இரண்டு மடக்குக் கத்திகளிலும் எழுத்துகள் தேய்ந்திருந்தன.

ஐந்தாவதான நீட்டுக் கத்தியில் எழுத்தே கிடையாது. அடித்த சுத்தியலின் தடம் மட்டும் இருந்தது. அது ஊர்க் கொல்லர் அடித்த கத்தி. விலை பேசுவோர் முதலில் ஒதுக்குவது அதைத்தான். ஆனால் அந்தக் குடும்பம் கப்பல் ஏறிய கதைக்கு மிக நெருங்கிய சாட்சி அதுவே.

சரி, எப்படிச் செப்பனிடுவது? எந்தத் துருவைத் தொடுவதற்கு முன்பும், கத்தியைப் படம் எடுத்து, எழுத்துகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு தையல் இயந்திர எண்ணெய் தடவி ஓரிரு நாள் ஊற விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடிக்கும். ஊறிய பின் மெல்லிய துணியால், முதுகிலிருந்து கூரை நோக்கித் துடைக்க வேண்டும். சிவப்புத் துரு அரிக்கும் துரு. அது போக வேண்டும். கறுத்த நிறம் வயதின் நிறம், அது இருக்கட்டும். மிக நைசான உப்புத்தாளை எண்ணெயோடு சிறிது பயன்படுத்தலாம். எழுத்து உள்ள இடத்தில் மட்டும் கூடவே கூடாது.

இயந்திரச் சாணை ஏன் ஆகாது? வேகமாகத் தேய்க்கும்போது மெல்லிய அலகு சூடேறுகிறது. உருக்கு முதலில் வைக்கோல் நிறமும் பின்பு நீல நிறமும் அடையும். நீலம் கண்ட இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள். அங்கே மறுபடி கூர் நிற்காது. பால்வெட்டும் கத்தியைக் கல்லில் நீர் விட்டுப் பொறுமையாகத் தீட்டிய நம் தாய்மாருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. சவரக் கத்தியில் முதுகும் கூரும் ஒரே சமயத்தில் கல்லில் படுமாறு படுக்க வைத்துத் தீட்டுவார்கள். கோணத்தைக் கத்தியின் முதுகே காட்டிக் கொடுத்துவிடும். அதன்பின் தோல் வாரில், முதுகு முன்னே செல்ல, இழுப்பார்கள்.

கைப்பிடியையும் கவனிக்க வேண்டும். கொம்பு, தந்தம், மரம் ஆகியவற்றோடு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து செல்லுலாய்டு கைப்பிடிகளும் வந்தன. செல்லுலாய்டு பழுதடைந்தால் அமில ஆவி கிளம்பி, பக்கத்தில் உள்ள நல்ல கத்தியையும் அரித்துவிடும். எளிதில் தீயும் பற்றும். வெடித்தும் பிசுபிசுத்தும் போன கைப்பிடி உள்ள கத்தியைத் தனியே வைக்க வேண்டும். தோல் உறைக்குள்ளும் கத்தியை வைத்து மூடக் கூடாது. நம் நாட்டு ஈரக் காற்றை உறை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காய்ந்த பெட்டியில், எண்ணெய் தடவி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதே முறை.

ஓர் எச்சரிக்கை. செப்பனிட்ட கத்தியால் ஒருவர் பின் ஒருவராகச் சவரம் செய்துகொள்ளக் கூடாது. மஞ்சட்காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் இரத்தத்தின் வழியே பரவக்கூடியவை. அதனால்தான் கடைகளில் ஆளுக்கொரு புதிய பிளேடு என்ற வழக்கம் வந்தது. வீட்டுச் சவரத்தில் மடக்குக் கத்தியின் இடத்தைப் பிடித்ததும் பிளேடுதான். அமெரிக்காவின் ஜில்லெட் 1903இல் விற்றவை 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. மறு ஆண்டே விற்பனை பல்லாயிரமாகப் பெருகியது.

பழைய இரும்புப் பெட்டியில் என்ன இருந்துவிடப் போகிறது என்று யாரேனும் கேட்டால், பாரடேயின் பெட்டியைச் சொல்லுங்கள். அவர் செய்த உருக்குத் துண்டுகள் 79, ஒரு மரப் பெட்டியில் நூறாண்டுக்கு மேல் கிடந்தன. ஷெபீல்டைச் சேர்ந்த உலோக நிபுணர் ராபர்ட் ஹாட்பீல்டு அவற்றைச் சோதித்து, 1931இல் நூலாக வெளியிட்டார். ஆய்வுக்கு வேண்டிய சிறு அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைப் பாதுகாத்தார். துருவென்று வீசியிருந்தால் விஞ்ஞான சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் போயிருக்கும்.

நம் வீட்டுப் பெட்டிக்கும் அதே நியாயம்தான். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்: எந்தத் தோட்டம்? எந்த ஆண்டு? இந்தக் கத்தி யார் வாங்கியது? ஊரிலிருந்து வந்தது எது? பதிலை எழுதி, அந்தத் தாளையும் பெட்டிக்குள் வையுங்கள். தோட்டத்துச் சரித்திரத்தில் துரைமார் பெயரும் கம்பெனிப் பெயரும் கணக்குப் புத்தகங்களில் இருக்கின்றன. மரத்தடியில் உட்கார்ந்து நம் பாட்டன்மாரின் முகத்தைத் திருத்திய மனிதரின் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.