கல்நாரும் எங்கள் கூரைகளும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள். குறிப்பாக மேசன் வேலை, கூரை வேலை, பழைய இரும்பு வியாபாரம், லொறித் திருத்தம் செய்யும் சகோதரர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

இரண்டு மாதங்களுக்கு முன் பாடசாலையில் சிரமதானம் நடந்தது. பின்பக்கக் களஞ்சிய அறையின் கூரையில் தேங்காய் விழுந்து உடைந்த பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றுகளைக் கழற்றி மதிலோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். மைதானத்து மூலையில் மழைக்குத் தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்று இருக்கிறது. "சீற்றை உடைத்துப் பள்ளத்துக்குள் போடுவோம்" என்று யோசனை சொன்னவன் நான். தரம் பத்துப் பொடியன்கள் சுத்தியலால் உடைத்தார்கள். வெள்ளைத் தூசு பறந்தது. சிரித்துக்கொண்டே படம் எடுத்து இதே முகநூலில் போட்டேன். நூற்றுக்கு மேல் லைக் வந்தது.

அன்றிரவு கனடாவிலிருந்து பழைய மாணவன் ஒருவன் அழைத்தான். ரொறன்ரோவில் பழைய கட்டடங்களை உடைக்கும் வேலை அவனுக்கு. "சேர், அந்தப் பொடியன்கள இனிக் கிட்ட விடாதீங்க. இங்க நாங்க அதில ஒரு சீற்றக் கழற்றிறதெண்டா, உடம்பு முழுக்க மூடின உடுப்பும் மூச்சுக் கவசமும் போட்டு, தண்ணி அடிச்சு நனைச்சுத்தான் தொடுவம்" என்றான்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். இருபது வருடமாகக் கைத்தொழிற் புரட்சியைக் கரும்பலகையில் எழுதுகிறேன். அந்தப் புரட்சி எங்கள் கூரையில் கொண்டுவந்து வைத்த பொருளைப் பற்றி எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதன்பின் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

தமிழில் இதற்குக் கல்நார் என்று பெயர். பொருத்தமான பெயர். மண்ணுக்குள் இருந்து எடுக்கும் கல்தான், ஆனால் பஞ்சு போல நார் நாராகப் பிரியும். நெருப்பில் எரியாது, அமிலத்துக்கும் இலேசில் அசையாது. பழைய அரபுப் புவியியலாளர்களும் இதை அறிந்திருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல் முகத்தஸி, பதக்ஷான் மலைநாட்டில் கிடைத்த 'திரிக் கல்' பற்றி எழுதியிருக்கிறார். விளக்குத் திரியாகப் போட்டால் எண்ணெய் எரியும், திரி எரியாது.

நீராவி இயந்திரம் வந்த பிறகுதான் இந்த அதிசயப் பொருள் பெருஞ்சரக்கானது. கொதிகலனைச் சுற்றவும், கப்பலின் குழாய்களைப் போர்த்தவும், வாகனத்தின் பிறேக் லைனிங்குக்கும் இதுவே பயன்பட்டது. 1900ஆம் ஆண்டளவில் ஒஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் என்பவர் கல்நாரையும் சீமெந்தையும் கலந்து மெல்லிய தகடு செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். எங்கள் வீட்டுக்கு மேலே நெளிநெளியாகக் கிடக்கும் சீற்றின் பாட்டனார் அந்தத் தகடுதான்.

தீங்கும் அப்போதே தெரியத் தொடங்கியது. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கேர்ஷோ என்ற பெண் 1924இல் இறந்தார். வயது 33. அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த வைத்தியர் குக், அதில் கல்நார்த் துணுக்குகளைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் அந்த நோய்க்கு 'அஸ்பெஸ்டோசிஸ்' என்ற பெயர் நிலைத்தது. 1931இல் பிரித்தானியா ஆலைத் தூசியைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் ஆலைக்குள் மட்டும்தான். சரக்கு உலகமெங்கும் போய்க்கொண்டே இருந்தது.

அடுத்த அதிர்ச்சி தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. கிறிஸ் வாக்னர் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1960இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வில் வரும் புற்றுநோய் மிக அரிது. பல வைத்தியர்கள் தங்கள் ஆயுளில் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நோய், வட கேப் பகுதியின் நீலக் கல்நார்ச் சுரங்கங்களைச் சுற்றி 33 பேருக்கு வந்திருந்தது. அதன் பெயர் மீசோதீலியோமா. அந்த 33 பேரில் பலர் சுரங்கத்தில் இறங்கியதே இல்லை. வீட்டுப் பெண்கள் இருந்தார்கள், மாடு மேய்த்தவர்கள் இருந்தார்கள். சிறுவயதில் சுரங்கக் கழிவு மேட்டில் விளையாடியவர்களும் இருந்தார்கள். அதை வாசித்தபோது என்னுடைய தரம் பத்துப் பொடியன்களின் முகங்கள்தான் கண்முன் வந்தன.

1965இல் இலண்டனில் மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தொம்சன் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் இதே நோயால் பாதிக்கப்பட்ட 83 பேரின் வரலாற்றைத் தேடினார்கள். நோயாளி எங்கே வேலை செய்தார், எங்கே குடியிருந்தார், வீட்டில் மற்றவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று கேட்டார்கள். ஒன்பது பேர் ஆலைக்குப் போனதே இல்லை, ஆலைத் தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். வேலை முடிந்து வந்தவரின் உடுப்பை உதறித் துவைத்த பெண்கள் அவர்களுக்குள் இருந்தார்கள். ஆலையிலிருந்து அரை மைலுக்குள் குடியிருந்தது தவிர வேறு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களும் இருந்தார்கள்.

*

இது எப்படி நடக்கிறது? கல்நார் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற இழைகள் காற்றில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் அடிவரை இறங்கும். சாதாரணத் தூசைப்போல உடம்பு அதைக் கரைத்துத் தள்ள முடியாது. சில இழைகள் அந்தச் சவ்வு வரை போய்த் தங்கும். ஆண்டுக்கணக்காக உள்ளே புண்ணும் அழற்சியும் நடந்து, கடைசியில் கலங்கள் கட்டுப்பாடிழக்கும்.

தூசு சுவாசித்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையில் பொதுவாக 20 முதல் 50 வருடங்கள் ஆகும். இருபது வயதில் செய்த வேலைக்கு அறுபது வயதில் கணக்கு வரும். மூச்சு வாங்கும், நெஞ்சு ஒரு பக்கம் நோகும், நெஞ்சுக்குள் நீர் கட்டும், உடம்பு மெலியும். எங்கள் ஊரில் இதைக் கேட்டால் யாரும் முதலில் கசம் என்றுதான் நினைப்பார்கள். மீசோதீலியோமாவுக்குப் புகைத்தல் காரணமில்லை. ஆனால் கல்நார்த் தூசும் சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து பல மடங்கு பெருகும்.

வேலைத்தளங்களில் பட்ட கல்நாரால் உலகில் ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நீலம், வெள்ளை என்று கல்நாரில் வகைகள் உண்டு. நீலம் மிக மோசமானது. "வெள்ளை பரவாயில்லை" என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆனால் எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு.

*

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தில் பனை ஓலையும் கிடுகும் வேய்ந்த வீடுகள், பிறகு ஓட்டு வீடுகள் என்றுதான் எங்கள் மூத்தவர்கள் வாழ்ந்தார்கள். ஓட்டுக் கூரைக்குக் கைமரமும் பனஞ்சிலாகையும் நிறைய வேண்டும். சீற்றுக்கு நாலு தீராந்தி போதும், ஒரே நாளில் வேலை முடியும். சுதந்திரத்துக்குப் பிந்திய தசாப்தங்களில் கடைகள், பட்டறைகள், பாடசாலைகள் என்று மெதுமெதுவாகச் சீற் ஏறியது. இலங்கையில் கல்நார்ச் சுரங்கம் இல்லை. மூலப்பொருள் எல்லாம் கப்பலில்தான் வருகிறது. அண்மைக் காலத்தில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து.

போர் அதை வேகப்படுத்தியது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் சமூகம் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது. நான் அப்போது சிறுவன். புத்தளத்தில் கிடுகுக் குடிசையில் வளர்ந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது சோனகதெருவில் சுவர்கள் நின்றன, கூரைகள் இல்லை. ஓடு, கைமரம், கதவு, ஜன்னல் எல்லாம் போயிருந்தன. வலிகாமம் வடக்கில் காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பிய தமிழ்ச் சகோதரர்களும் இதே காட்சியைத்தான் கண்டார்கள். கையில் இருந்த சொற்பக் காசுக்கு எல்லோருக்கும் கட்டுப்படியானது சீற்தான். என் வீட்டுக்கும் அதுதான் போட்டேன். கிரைண்டரால் நானே வெட்டினேன். உம்மா கீழே நின்று தும்புத்தடியால் தூசைக் கூட்டினார்.

என் சாச்சாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990க்கு முன் அவர் யாழ்ப்பாணத்தில் லொறிப் பட்டறையில் பிறேக் லைனிங் தேய்த்துப் பொருத்தியவர். புத்தளத்தில் கூரை வேலை. நாலைந்து வருடங்களுக்கு முன் மூச்சு வாங்கத் தொடங்கியது. நெஞ்சில் நீர் கட்டி, இரண்டு மூன்று தரம் இழுத்தார்கள். எட்டு மாதத்தில் மௌத்தானார். அவருக்கு வந்தது இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் அவரைக் காட்டிய எந்த இடத்திலும், "நீங்கள் என்ன தொழில் செய்தீர்கள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. சிகரெட் குடிப்பீர்களா என்று மட்டும் கேட்டார்கள். சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

*

அரசாங்கம் தடை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்யப் பார்த்தது. 2015இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, 2018 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதி நிறுத்தப்படும் என்று அறிவித்தார். அந்த 2018க்கு இரண்டு வாரம் இருக்கையில், 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா எங்கள் தேயிலையைத் தடுத்தது. ரஷ்யா எங்கள் தேயிலையை அதிகம் வாங்கும் நாடுகளில் ஒன்று. அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் தடையை ஒத்திவைத்தது. மாதம் முடிவதற்குள் ரஷ்யாவும் தேயிலைத் தடையை நீக்கியது. அதிகாரபூர்வக் காரணம் வண்டுதான். ஆனால் பத்திரிகைகள் இரண்டையும் சேர்த்தே எழுதின. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சம்பளமும் எங்கள் கூரையும் ஒரே தராசில் வைக்கப்பட்டதாகத்தான் எனக்குப் படுகிறது.

ஐஸ்லாந்து 1983இலேயே தடுத்தது. பிரித்தானியா 1999இல், ஒஸ்திரேலியா 2003 முடிவில் தடுத்தன. ஒரு காலத்தில் உலகுக்கே கல்நார் விற்ற கனடாவும் 2018இல் தடுத்தது. அங்கே கியூபெக் மாகாணத்தில் அஸ்பெஸ்டஸ் என்றே ஒரு நகரம் இருந்தது. 2020இல் அந்த ஊர் மக்கள் வாக்களித்துப் பெயரையே மாற்றிவிட்டார்கள். புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளை அங்குள்ள சட்டம் காப்பாற்றுகிறது. இங்கே நாங்கள்தான் எங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

*

பயப்படுத்த எழுதவில்லை. உடையாமல் கூரையில் கிடக்கும் சீற் பெரிய ஆபத்தில்லை. அதன் கீழே படுத்தால் புற்றுநோய் வரும் என்று யாரும் ஓடவேண்டாம். ஆபத்து, வெட்டும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் வரும் தூசில். ஒருநாள் தூசு பட்டவருக்கு ஆபத்து மிகக் குறைவு. தொழிலாக நாளாந்தம் செய்பவருக்குத்தான் அதிகம். ஆகவே:

கிரைண்டர் பிடிக்காதீர்கள். கட்டாயம் வெட்டத்தான் வேண்டும் என்றால் தண்ணீர் ஊற்றி நனைத்து, கைவாளால் திறந்த வெளியில் வெட்டுங்கள். துணி மாஸ்க் இந்த இழையைத் தடுக்காது, தூசு வேலைக்குரிய வடிகட்டியுள்ள கவசம் வேண்டும்.

பாசி பிடித்த சீற்றைக் கம்பித் தூரிகையால் உரஞ்ச வேண்டாம். விழுந்த தூசை உலரக் கூட்டாமல், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

வேலை உடுப்பை வீட்டுக்குள் உதற வேண்டாம். மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல், நனைத்துத் தனியாகத் துவையுங்கள்.

உடைந்த துண்டுகளை ஒழுங்கைப் பள்ளத்துக்கும் கோழிக் கூட்டுக்கும் போடாதீர்கள். நனைத்து, தடித்த பொலித்தீனில் கட்டி, பிள்ளைகள் எடுக்காத இடத்தில் வையுங்கள்.

பட்டறைச் சகோதரர்களே, பழைய பிறேக் தூசைக் காற்றடித்து ஊதாதீர்கள்.

புதிதாகக் கூரை போடுபவர்கள், கல்நார் கலக்காத சீற்றா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். இப்போது அதுவும் கிடைக்கிறது. கடைக்காரச் சகோதரர்களும் கேட்காமலே சொன்னால் நன்மை.

*

எங்கள் பாடசாலைப் பள்ளத்தை என்ன செய்தோம்? அதிபரிடம் என் தவறைச் சொன்னேன். பிள்ளைகள் இல்லாத சனிக்கிழமை, பெரியவர்கள் மட்டும் கவசம் போட்டு, தண்ணீர் அடித்து நனைத்து, இரண்டடி மண் போட்டு மூடினோம். எந்த இடம், எந்தத் திகதி, உள்ளே என்ன இருக்கிறது என்று பாடசாலைப் பதிவேட்டில் எழுதி வைத்தோம். முப்பது வருடத்தின் பின் அங்கே அத்திவாரம் வெட்ட வருபவருக்கு அது தெரிய வேண்டும். அந்தப் பொடியன்களின் பெற்றோரிடமும் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு வாப்பா மட்டும் கோபித்தார். அவர் கோபித்தது சரி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அறுபது தாண்டிய வாப்பா, மாமா, சாச்சா இருந்தால், இன்றிரவே பக்கத்தில் இருந்து கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊரில், என்ன வேலை செய்தார்கள்? ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு மூச்சு வாங்கி, யாழ் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழைக்கோ போக நேர்ந்தால், வைத்தியர் கேட்காவிட்டாலும் அதை எடுத்துக் காட்டுங்கள்.

சாச்சாவுக்கு அப்படி ஒரு கொப்பி இருக்கவில்லை. எனக்கு இப்போது இருக்கிறது. முதல் வரியில் என் வீட்டுக் கூரையை வெட்டிய ஆண்டை எழுதியிருக்கிறேன்.