ராம்மோகன் ராயும் செராம்பூர் பாதிரிமாரும்

ராஜா ராம்மோகன் ராய் என்றதும் கொல்கத்தா வாழ் தமிழராகிய நமக்கு உடன்கட்டை ஒழிப்புதான் நினைவுக்கு வரும். திரித்துவத்தை நம்பாதவருக்கு மீட்பு உண்டா என்று அவர் பாதிரிமாரோடு மல்லுக்கு நின்ற கதை பலருக்குத் தெரியாது.

1820-இல் ராய், அற்புதங்களை விட்டுவிட்டு இயேசுவின் அறிவுரைகளை மட்டும் தொகுத்து அச்சிட்டார். அவற்றின்படி நடந்தாலே நற்கதி கிட்டும், மூவொரு கடவுள் கோட்பாடு அதற்கு வேண்டாம் என்பது அவர் கட்சி. செராம்பூர் ஜோஷுவா மார்ஷ்மன் சும்மா விடுவாரா? பாவத்துக்குப் பலியானவர் கடவுளாக இல்லாவிட்டால் மீட்பு ஏது என்று மறுத்தார். ராய் எபிரேயமும் கிரேக்கமும் கற்று மூன்று பதில் நூல்கள் எழுதினார். மூன்றாவதை பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் ஏற்காததால், தாமே அச்சகம் வைத்து 1823-இல் வெளியிட்டார்.

இதற்கிடையே, ராயோடு சேர்ந்து யோவான் நற்செய்தியை வங்காளத்தில் பெயர்த்த பாதிரியார் வில்லியம் ஆடமுக்கு ஒரு கிரேக்கச் சொல்லால் சிக்கல் வந்தது. எல்லாம் கிறிஸ்துவால் உண்டாயிற்றா, கிறிஸ்து மூலமாய் உண்டாயிற்றா? 'மூலமாய்' என்றால் படைத்தவர் வேறொருவர் ஆகிவிடுகிறாரே! 1821-இல் ஆடம் திரித்துவத்தைக் கைவிட்டார். ஆதாம் மறுபடி விழுந்தான் என்று கேலி பேசினார்கள்.

நம் தமிழ் விவிலியத்திலும் அந்த இடத்தில் 'மூலமாய்' என்றுதான் இருக்கிறது. அதைப் படிப்பவர்கள் திரித்துவத்தை விட்டுவிடவில்லை. ஆகவே சண்டை வெறும் சொல்லைப் பற்றியதல்ல என்பேன். மீட்பு என்பது நல்வாழ்வு என்றால் ராய் சொன்னது சரி. பாவக்கடன் தீர்ப்பது என்றால், தீர்ப்பவர் யார் என்ற மார்ஷ்மனின் கேள்வியைத் தள்ள முடியாது.