ஒரே தட்டு

மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கத்திலிருந்து போன் வந்ததும், விடுதி நினைவுகளைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரே தட்டில் நாலு கை விழுந்து சாப்பிட்ட நாட்கள்! எந்தக் கை எந்த மதம் என்று அன்று யார் பார்த்தோம்? எழுத எழுத, வரலாற்றில் படித்த இன்னொரு தட்டு நினைவுக்கு வந்துவிட்டது. நம்ம கதை எங்கே ஓடிவிடப் போகிறது? இதைச் சொல்கிறேன்.

உத்தரப் பிரதேசத்தில் ஷாஜஹான்பூர் என்று ஓர் ஊர். ராம்பிரசாத் பிஸ்மில் அங்கே 1897-இல் பிறந்தவர். அஷ்பாகுல்லா கான் அதே ஊரில் 1900-இல் பிறந்த பட்டாணியர். அஷ்பாக்கின் அண்ணன் பிஸ்மிலோடு படித்தவர். அப்படியிருந்தும் நட்பு லேசில் வந்துவிடவில்லை. பிஸ்மில் கட்டுக்கோப்பான ஆரிய சமாஜி. முஸ்லிம்களை இந்துவாக்கும் 'சுத்தி' சடங்கு செய்தவர். பள்ளி மாணவனான அஷ்பாக் தேடித் தேடி வந்து பேசியபோது, சந்தேகப்பட்டு முகம் கொடுக்கவே இல்லை. பையன் விட்டால்தானே!

பிறகு பாருங்கள், ஆரிய சமாஜக் கோவிலில் பிஸ்மில் தங்கியிருந்த அறைக்கே அஷ்பாக் வந்துபோக ஆரம்பித்தார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஊர் சும்மா இருக்குமா? அஷ்பாக்கைத் தெருக்காரர்கள் 'காபிர்' என்று ஏசினார்கள். பிஸ்மிலின் கூட்டாளிகளோ 'முஸ்லிமை நம்பாதே' என்றார்கள். இரண்டு பேருமே கேட்கவில்லை. ஒருமுறை அஷ்பாக் நெஞ்சுப் படபடப்பு வந்து நினைவில்லாமல் கிடந்தபோது 'ராம், ராம்' என்றே முனகினாராம். உறவினர் திகைத்து, 'அல்லாஹ் என்று சொல்லப்பா' என்று மன்றாடினார்கள். விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் வந்தபிறகுதான், அந்த ராம் நம்ம ராம்பிரசாத் என்று புரிந்தது. ஆளனுப்பி வரவழைத்ததும் நோயாளி அமைதியாகிவிட்டார்.

1925 ஆகஸ்ட் 9 அன்று காக்கோரி அருகே ரயிலை நிறுத்தி அரசாங்கப் பணத்தை எடுத்த கதை பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வரும். அந்தத் திட்டமே வேண்டாம், அரசாங்கம் மொத்த பலத்தோடு நம்மேல் பாயும் என்று எதிர்த்தவர் அஷ்பாக். முடிவான பிறகு பணப்பெட்டியைச் சம்மட்டியால் உடைத்தவரும் அவர்தான். நட்பு என்றால் ஆமாம் சாமி போடுவது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. அந்தச் செப்டம்பரில் பிஸ்மில் பிடிபட்டார். தலைமறைவாகத் திரிந்த அஷ்பாக் 1926-இல் டெல்லியில் சிக்கினார். போலீஸ் அதிகாரி ஒருவர், அவரும் முஸ்லிம்தான், 'பிஸ்மில் கேட்பது இந்து ராஜ்யம், உனக்கு அதில் என்ன?' என்ற ரீதியில் பேசிப் பார்த்தாராம். வெள்ளைக்கார ராஜ்யத்துக்கு அது மேல் என்று பதில் வந்ததாம்.

கோரக்பூர் சிறையில் கடைசி நாட்களில் பிஸ்மில் தன் வரலாற்றை எழுதினார். அதில் அஷ்பாக்குக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆரம்பத்தில் தான் சந்தேகப்பட்டதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1927 டிசம்பர் 19 காலை அவரை அங்கே தூக்கிலிட்டார்கள். அதே நாள் பைசாபாத் சிறையில் அஷ்பாக். பிஸ்மிலுக்கு ராப்தி நதிக்கரையில் சிதை மூட்டினார்கள். அஷ்பாக்கின் உடல் மட்டும் ஷாஜஹான்பூர் வந்து சேர்ந்தது.