'ஹெச்பி வே' என்றால் என்ன? ஆளைக் குறைக்காமல் சம்பளத்தைக் குறைத்த கம்பெனி... பிறகு என்ன ஆனது?

எந்த டெக் கம்பெனியின் இணையதளத்தைத் திறந்தாலும் 'எங்கள் மதிப்பீடுகள்' என்று ஒரு பக்கம் இருக்கும். ஊழியர்களை மதிப்போம், வாடிக்கையாளருக்கு உண்மையாக இருப்போம், சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்போம்... வார்த்தைகள் மாறும், விஷயம் ஒன்றுதான். கொஞ்ச நாளில் அதே கம்பெனியிலிருந்து ஆட்குறைப்பு செய்தியும் வரும். அப்போ அந்தப் பக்கத்துக்கு என்னதான் அர்த்தம்?

இதைப் புரிந்துகொள்ள ஹெச்பி கம்பெனியின் கதை உதவும். பிரிண்டர், லேப்டாப் விற்கும் அதே ஹெச்பிதான். டெக் உலகில் இந்த மாதிரி மதிப்பீடுகளை முதலில் எழுதி வைத்த கம்பெனிகளில் ஒன்று. அதை மீறியபோது என்ன ஆனது என்பதற்கும் அதுவே உதாரணம்.

எப்படித் தொடங்கியது?

பில் ஹியூலெட், டேவ் பேக்கர்ட் இருவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நண்பர்கள். 1939-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஒரு கார் ஷெட்டில் 538 டாலர் முதலீட்டில் தொழில் தொடங்கினார்கள். யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்தார்கள்.

ஒலி அதிர்வெண்களைச் சோதிக்கும் கருவிதான் முதல் தயாரிப்பு. 'ஃபேன்டேசியா' படத்துக்காக வால்ட் டிஸ்னி ஸ்டுடியோ 8 கருவிகளை வாங்கியது. கம்பெனி வளர்ந்தது. 1957-ல் நிர்வாகிகளை ஒன்றுகூட்டி, கம்பெனியின் நோக்கங்களை எழுத்தில் வைத்தார்கள். லாபம், வளர்ச்சி ஆகியவற்றோடு வாடிக்கையாளர், ஊழியர், சமூகப் பொறுப்பு ஆகியவையும் அதில் இருந்தன. இந்த நடைமுறைக்குப் பிற்காலத்தில் நிலைத்த பெயர்தான் 'ஹெச்பி வே'.

ஊழியர்களுக்கு என்ன செய்தது?

லாபம் வந்தால் ஊழியர்களுக்கும் பங்கு உண்டு. 1940-களில் ஒரு ஊழியருக்குக் காசநோய் வந்து 2 வருடம் விடுப்பு தேவைப்பட்டது. அந்தக் குடும்பம் படும் கஷ்டத்தைப் பார்த்த பிறகு, பெரிய நோய்களுக்கான மருத்துவக் காப்பீட்டை ஊழியர்களுக்கு ஏற்பாடு செய்தார்கள்.

இன்னொரு சம்பவம் ரொம்பப் பிரபலம். ஒரு வார இறுதியில் ஆபீசுக்கு வந்த ஹியூலெட், கருவிகள் வைக்கும் அறை பூட்டியிருப்பதைப் பார்த்தார். பூட்டை வெட்டி எடுத்துவிட்டு, இனி பூட்டக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். வேலை செய்கிறவரைத் திருடனாகப் பார்க்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

1970-ல் என்ன நடந்தது?

உண்மையான சோதனை அப்போதுதான் வந்தது. அமெரிக்காவில் பொருளாதார மந்தம். ஆர்டர்கள் குறைந்தன. கணக்குப்படி 10 சதவீத ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

ஹெச்பி வேறு வழியை எடுத்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது. அதாவது 10 நாள் வேலை 9 நாளானது, செலவு 10 சதவீதம் குறைந்தது. கடைநிலை ஊழியர் முதல் உயர் நிர்வாகம் வரை எல்லோருக்கும் இதே வெட்டுதான். சுமார் 6 மாதத்தில் ஆர்டர்கள் திரும்பி வந்தன. முழு வேலை, முழு சம்பளம். பழகிய ஆட்களும் கையில் இருந்தார்கள்.

வாடிக்கையாளர் விஷயத்தில்?

1972-ல் ஹெச்பி-35 என்ற கால்குலேட்டர் வந்தது. இன்ஜினியர்கள் அதுவரை கையில் வைத்திருந்த ஸ்லைடு ரூலுக்கு மாற்றாக, சட்டைப் பையில் வைக்கக்கூடிய சயின்டிஃபிக் கால்குலேட்டர். விலை 395 டாலர்.

விற்பனை தொடங்கிய பிறகு ஒரு பிழை தெரிய வந்தது. குறிப்பிட்ட ஒரு கணக்குக்கு 2.02 என்று வர வேண்டிய விடை 2 என்று வந்தது. பெரும்பாலானோர் கண்ணில் படவே படாத பிழைதான். ஆனாலும் வாங்கியவர்களுக்குக் கடிதம் அனுப்பி, மாற்றித் தருவதாகச் சொன்னது கம்பெனி.

சமூகத்துக்கு?

பேக்கர்ட் பாலோ ஆல்டோவின் பள்ளி நிர்வாகக் குழுவில் பணியாற்றினார். இருவரும் 1960-களில் தனித்தனியே குடும்ப அறக்கட்டளைகளைத் தொடங்கினார்கள். தாங்கள் படித்த ஸ்டான்ஃபோர்டுக்குப் பெரும் தொகையை வழங்கினார்கள். 1984-ல் திறக்கப்பட்ட மான்டரே பே கடல்வாழ் உயிரினக் காட்சியகம் பேக்கர்ட் குடும்பத்தின் நிதியில் உருவானது.

பிறகு எங்கே தடம் மாறியது?

பேக்கர்ட் 1996-லும், ஹியூலெட் 2001 ஜனவரியிலும் காலமானார்கள். 1999-ல் கார்லி ஃபியோரினா தலைமைப் பொறுப்புக்கு வந்திருந்தார். 2001-ல் மறுபடியும் மந்தம். விருப்பப்பட்டு சம்பளத்தையோ விடுப்பையோ விட்டுக்கொடுக்குமாறு ஊழியர்களிடம் கேட்டது ஹெச்பி. 80 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஒப்புக்கொண்டார்கள். 1970 மாதிரியே எல்லோரும் சேர்ந்து தாண்டிவிடலாம் என்ற நம்பிக்கை.

ஆனால் சில வாரங்களிலேயே 6,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு காம்பேக் கம்பெனியுடன் இணையும் திட்டமும் வந்தது. ஹியூலெட்டின் மகன் வால்டர் ஹியூலெட் அதை வெளிப்படையாக எதிர்த்தார். பங்குதாரர்கள் வாக்கெடுப்பில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் திட்டம் ஜெயித்தது. 2002-ல் இணைப்பு முடிந்தது, மேலும் பலர் வேலை இழந்தார்கள்.

2006-ல் இன்னொரு அதிர்ச்சி. ரகசியத் தகவல் எப்படிக் கசிந்தது என்று கண்டுபிடிக்க, ஹெச்பி அமர்த்திய துப்பறிவாளர்கள் இயக்குநர்கள், பத்திரிகையாளர்களின் போன் அழைப்பு விவரங்களை ஆள்மாறாட்டம் செய்து எடுத்தது அம்பலமானது. பூட்டு வேண்டாம் என்று சொன்ன அதே கம்பெனி. 2015-ல் ஹெச்பி இரண்டாகப் பிரிந்தது.

நாம் என்ன பார்க்கணும்?

1970-லும் 2001-லும் பிரச்னை ஒன்றுதான்: வருமானம் குறைந்தது. இரண்டு முறையும் ஊழியர்கள் விட்டுக்கொடுத்தார்கள். முதல் முறை அதற்குப் பதிலாக வேலை காப்பாற்றப்பட்டது, இரண்டாவது முறை பலருக்கு அதுவும் போனது.

அதனால் ஒரு கம்பெனியில் சேரும் முன் 'மதிப்பீடுகள்' பக்கத்தை மட்டும் படித்தால் போதாது. மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்க. கடைசியாக நஷ்டம் வந்தபோது யாருடைய சம்பளம் முதலில் குறைந்தது? தயாரிப்பில் பிழை வந்தபோது கம்பெனியே சொன்னதா, வாடிக்கையாளர் கண்டுபிடித்தாரா? தலைமை மாறிய பிறகும் பழைய வாக்குறுதிகள் நடைமுறையில் இருக்கின்றனவா? இதற்கெல்லாம் பதில் அங்கே வேலை பார்த்தவர்களிடம் கிடைக்கும்.