ஒற்றியூர் இலக்கண மண்டபமும் அறக்கட்டளை இருக்கைகளும்

பல்கலைக்கழகத்தில் ஒரு துறைக்கெனப் பெருநிதியை வைப்பாக இட்டு, முதல் குறையாமல் அதன் வருவாயைக் கொண்டே பேராசிரியர் ஒருவரை நிலையாக அமர்த்தும் முறையை 'அறக்கட்டளை இருக்கை' என வழங்குவர். இங்கிலாந்தில் மார்கரெட் சீமாட்டி 1502இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் இறையியலுக்கு நிறுவிய இருக்கைகளை இதற்குத் தொடக்கமாகக் காட்டுவது மரபு. ஆயின், அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் முன்னரே வடசென்னைக் கடற்கரையில் இலக்கணத்திற்கென ஓர் இருக்கை இருந்தமையைத் திருவொற்றியூர்க் கல்வெட்டு உணர்த்துகின்றது.

பாணினி முனிவர்க்குச் சிவபெருமான் பதினான்கு நாள் தோன்றிப் பதினான்கு சூத்திரங்களை அருளினார் என்பது ஒற்றியூர்க் கோயில் மரபு. அதன் நினைவாகக் கோயிலில் 'வியாகரணதான வியாக்கியான மண்டபம்' அமைந்தது. கி.பி. 13ஆம் நூற்றாண்டில் அம்மண்டபத்தின் பேணுகைக்கும், அங்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர், கற்ற மாணவர் ஆகியோரின் வாழ்வுக்குமாக அறுபது வேலிக்கு மேற்பட்ட நிலம் அளிக்கப்பட்டது. இன்றைய கணக்கில் அது நானூறு ஏக்கர் அளவாகும்.

இது தனித்து நின்ற நிகழ்ச்சியும் அன்று. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்லூரியில் 340 மாணவர்க்கு 14 ஆசிரியர் இருந்தனர். அதற்கென 45 வேலி நிலம் விடப்பட்டது. திரிபுவனைக் கல்லூரியில் 1048இல் 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்தனர். அதற்குரிய நிலம் 72 வேலி. நாள்தோறும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நெல் அளந்து கொடுக்கப்பட்டது. சந்திர சூரியர் உள்ளவரை நிற்க வேண்டுமென்றே அக்காலத்தார் அறம் செய்தனர். ஆயினும் ஒற்றியூர் மண்டபத்தில் பயிலப்பட்டது வடமொழி இலக்கணமே. எண்ணாயிரத்திலும் வேதமும் வியாகரணமும் மீமாம்சையுமே பெரும்பான்மைப் பாடங்கள். அக்கல்வியின் வாயில் எல்லார்க்கும் திறந்திருந்ததெனக் கூறுதல் இயலாது.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் மூன்றாம் குலோத்துங்கனின் கீழ்ச் சிற்றரசனாக விளங்கிய சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். இங்குக் கொடை ஒரு புலவர்க்கும் ஒரு நூலுக்கும் உரியதாயிற்று. ஒற்றியூர் மண்டபத்தில் பாடம் நின்றுபோய்ப் பல நூற்றாண்டுகள் ஆயின. நன்னூலோ இன்றும் பயிலப்படுகின்றது. காரணம் யாது? மயிலைநாதரும் சங்கரநமச்சிவாயரும் உரை கண்டனர். சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்தி விரித்தார். மடங்களிலும் திண்ணைகளிலும் ஆசிரியர் வாய்மொழியாக அது மாணவரைச் சென்றடைந்தது. கற்போர் தொடர் அறாமையே நன்னூலைக் காத்தது. அத்தொடர்க்கும் சோறிட்டது திருவாவடுதுறை போன்ற மடங்களின் நிலவருவாய் என்பதை மறத்தல் ஆகாது. நிலம் மட்டும் கல்வியைக் காவாது. நிலமின்றிக் கல்வி நெடிது நில்லாது.

இவ்வுண்மை இக்காலத்திற்கும் பொருந்தும். 1929இல் அண்ணாமலை அரசரின் கொடையால் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழுந்தது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய அழகப்பச் செட்டியார் நிதி வழங்கினார். அங்கு வையாபுரிப்பிள்ளை பேராசிரியராக அமர்ந்தார். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு வேண்டிய அறுபது இலட்சம் டாலர் 2018இல் நிறைவெய்தியது. மருத்துவர்கள் ஜானகிராமனும் சம்பந்தமும் தலைக்கு ஐந்து இலட்சம் டாலர் அளித்துத் தொடங்கிய அப்பணிக்குத் தமிழக அரசு பத்துக் கோடி ரூபாய் ஈந்தது. உலகத் தமிழர் பலர் சிறுதொகைகளும் அனுப்பினர். டொராண்டோ இருக்கைக்குரிய முப்பது இலட்சம் கனடிய டாலர் 2021இல் திரண்டது. வேந்தரும் வணிகரும் செய்த அறத்தில் பொதுமக்களும் பங்கேற்றமை இக்காலத்தின் பெருமை.

கடல்கடந்த இருக்கைகளைப் போற்றும் வேளையில், இருக்கை பிறந்த இக்கரையையும் நோக்குதல் வேண்டும். துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் உழைப்போர் பிள்ளைகள் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தது, 1950இல் தோன்றிய தியாகராயர் கல்லூரி போன்ற நிறுவனங்களால்தான். அன்று மண்டபத்திற்கு வெளியே நின்ற குடிகளின் வழித்தோன்றல்கள் இன்று தமிழிலக்கணம் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஆய்வைத் தொடரப் பொருளின்றி ஆலைவேலைக்குத் திரும்புவாராயின், அறுந்துபோவது நன்னூலைக் காத்த அத்தொடரே. ஒற்றியூரில் இலக்கணத்திற்கு மீண்டும் ஓர் இருக்கை அமையுமாயின், அது அம்மாணவரை நோக்கியதாக அமைதல் வேண்டும். நானூறு ஏக்கர் இன்று வேண்டுவதில்லை. திங்கள்தோறும் கூடும் இலக்கிய வட்டங்கள் ஒன்றிணைந்து ஒரு மாணவரின் ஆய்வுக்காலத்தை ஏற்பினும் அவ்வறம் தொடங்கிவிடும்.