தேஹுவின் முதற் குடியானவர்

மும்பையிலிருந்து புணே செல்லும் இருப்புப்பாதையில், லோணாவளாவைக் கடந்து மலைகள் விலகிச் சமவெளி விரியுமிடத்தில், தேஹு ரோடு என்னும் சிறு நிலையம் இருக்கிறது. படைத் தளவாடக் கிடங்கும் பாசறையும் அமைந்த ஊர். இரண்டாம் உலகப் போரின் காலத்திலும் அதற்குப் பின்னரும் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வேரூன்றிவிட்டன. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்பதனால், இவர்களுடைய விண்ணப்பங்களை நிரப்பித் தரும் வேலை எனக்கு அவ்வப்போது வந்து சேரும். 'பூர்வீக ஊர்' என்ற கட்டம் வந்ததும் பேச்சு நின்றுவிடும். கொள்ளுப்பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து வந்தார் என்று தந்தை வழியில் சொல்வார்கள். இல்லை, நெல்லைச் சீமையிலிருந்து என்று அத்தை ஒருத்தி சாதிப்பாள். எண்பது ஆண்டுகளுக்குள்ளாகவே நினைவு இப்படி இரண்டுபடுமானால், அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு குடியானவரின் பூர்வீகத்தை எவ்வாறு அறிவது?

இது வெறுங்கேள்வியன்று. நிலையத்துக்குப் பெயர் தந்த தேஹு என்னும் பழைய ஊர், இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இந்திராயணி ஆற்றங்கரையில் உள்ளது. மராத்திய மக்கள் தலைமேல் வைத்துப் போற்றும் துகாராமர் பிறந்த ஊர் அது. அவருடைய குலத்தின் முதல்வராகச் சொல்லப்படுபவர் விசுவம்பரர். அவரிடமிருந்து ஹரி, விட்டோபா, பதாஜி, சங்கரர், கான்ஹோபா, போல்ஹோபா என்று இறங்கி, எட்டாம் தலைமுறையில் துகாராமர் தோன்றினார் என்பது மரபு. விசுவம்பரருக்கு மேலே வமிசாவளி ஏறுவதில்லை. அவர் எங்கிருந்து வந்தார், எக்காலத்தில் வாழ்ந்தார் என்பவையே நேயர்களுடன் சேர்ந்து இன்று நான் ஆராய விரும்பும் செய்திகள்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏகாதசிதோறும் பண்டரிபுரத்துக்கு நடந்து செல்வது, அதாவது 'வாரி' செய்வது, குலவழக்கம் என்று விசுவம்பரருக்கு அவருடைய தாய் நினைவூட்டினாளாம். அவரும் தவறாது நடந்தார். அன்பனின் கால் நோவதைப் பொறாத விட்டலன், தானே தேஹுவுக்கு வருவதாகக் கனவில் உரைத்தான். குறித்த இடத்தில், மாந்தோப்பு ஒன்றில், விட்டலன் உருவமும் ருக்மிணி உருவமும் கிடைத்தன. விசுவம்பரர் ஆற்றங்கரையில் ஒரு கோயில் எடுத்தார். அவர் மறைந்தபின் ஹரி, முகுந்தர் என்னும் புதல்வர் இருவரும் ஏரை விட்டு வாளை எடுத்து ஓர் அரசனிடம் படைவீரராகச் சேர்ந்து போரில் மாண்டனர். முகுந்தரின் மனைவி உடன்கட்டை ஏறினாள். ஹரியின் மனைவி கருவுற்றிருந்தமையால் பிறந்தகம் சென்றாள். அங்கே பிறந்த பிள்ளையினால் குலம் தழைத்தது.

இக்கதையை நமக்கு விரிவாகத் தருபவர் மஹிபதி. அவர் 1715இல் பிறந்தவர். 'பக்தவிஜயம்' 1762இலும், 'பக்தலீலாமிருதம்' 1774இலும் அவர் இயற்றிய நூல்கள். துகாராமர் மறைந்து நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னர் எழுதப்பட்டது இரண்டாம் நூல். விசுவம்பரரோ துகாராமருக்கும் ஏழு தலைமுறை முந்தியவர். ஆக, நிகழ்ச்சிக்கும் ஏட்டுக்கும் இடையே ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு இடைவெளி கிடக்கிறது. மஹிபதி பொய்யுரைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அடியார் கதை எழுதுபவருக்கு ஆண்டும் திங்களும் பொருட்டல்ல; நம் சேக்கிழார் பெருமானிடத்தும் எந்தத் தொண்டர் எந்த ஆண்டில் பிறந்தார் என்று கேட்பாருண்டோ?

ஒரு சிறு கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கலாம். தேஹுவுக்கும் பண்டரிபுரத்துக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உண்டு. பதினைந்து நாளுக்கொரு முறை போய்த் திரும்புவதானால் நாள்தோறும் முப்பது கிலோமீட்டர் அளவில் ஓயாமல் நடந்தாக வேண்டும். அப்படி நடப்பவர் எப்பொழுது உழுவார், எப்பொழுது களை எடுப்பார்? ஏகாதசிதோறும் என்பது பக்தியின் மிகைமொழியாகலாம். ஆனால் ஆண்டுதோறும் ஒருமுறையேனும் நடந்த ஒரு குடும்பம் அங்கே இருந்தது என்பதை ஐயுற வேண்டியதில்லை. ஏனெனில் அதற்குத் துகாராமரே சான்று. பண்டரி வாரி தம் வீட்டுக்கு உரியது என்கிறார். இந்தத் தெய்வம் தொன்றுதொட்டுத் தம் குலத்தார் வழிபட்டது என்றும் ஓர் அபங்கத்தில் கூறுகிறார். கோயில் இடிந்து கிடந்ததாகவும் அதைச் செப்பனிட மனம் எழுந்ததாகவும் அதே பாடலில் சொல்கிறார். குலத்துக்குரிய பழைய கோயில் ஒன்று 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடிந்துபோகும் அளவுக்கு மூத்திருந்தது என்பது இதனால் உறுதியாகிறது. மஹிபதியின் கதைக்கு நாம் ஊன்றக்கூடிய வலுவான கால் இது ஒன்றே.

இனிக் காலத்துக்கு வருவோம். கீழிருந்து மேலே ஏறுவதென்றால் முதற்படி திடமாக இருத்தல் வேண்டும். இங்கே முதற்படியே ஆடுகிறது. துகாராமர் பிறந்த ஆண்டைப் பற்றி அறிஞர்கள் நால்வகையாகப் பிரிந்து நின்றனர். வரலாற்றாசிரியர் இராஜ்வாடே 1568 என்றார். 1577 என்றும் 1598 என்றும் கருதியவருண்டு. 1608 என்பதே பெருவழக்கு. மறைந்த நாளிலோ வேறொரு சிக்கல். சகம் 1571, பால்குன மாதத் தேய்பிறை இரண்டாம் நாள் என்பது பலரும் ஏற்றது; 'துகாராம் பீஜ்' என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். சக ஆண்டோடு 78 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு வரும் என்று பள்ளியில் கற்றவர்கள் 1649 என்று எழுதிவிடுகிறார்கள். பால்குனம் சக ஆண்டின் கடைசி மாதம். அதற்குள் ஆங்கிலப் புத்தாண்டு பிறந்துவிடும். ஆகையால் கூட்ட வேண்டியது 79. கிடைக்கும் ஆண்டு 1650. மொழிபெயர்ப்பாளர் பலரை வழுக்கி விழச் செய்த இடம் இது. நானும் ஒருமுறை விழுந்தவன்தான்.

1568 என்று கொண்டால் மறைவின்போது துகாராமருக்கு வயது எண்பதைக் கடந்திருக்கும். அவர் மறைந்தபோது மனைவி கருவுற்றிருந்தாள் என்றும், பின்னர்ப் பிறந்த மகனே நாராயணர் என்றும் குடும்ப மரபு கூறுகிறது. மேலும், தக்காணத்தைச் சூறையாடிய 1630-31 பஞ்சத்தில் மனைவி ஒருத்தி அன்னமின்றி மாண்டதைத் துகாராமரே நெஞ்சுருகப் பாடியுள்ளார். அது இளமையில் வீழ்ந்த இடியாகத் தோன்றுகிறதேயன்றி அறுபது வயதினரின் அனுபவமாகத் தோன்றவில்லை. 1608 என்பதையே நான் நம்புகிறேன்.

தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு வைத்து ஏழு தலைமுறை பின்னோக்கினால் 1433 கிடைக்கிறது. முப்பது வைத்தால் 1398. இது நூல் பிடித்தாற்போன்ற கணக்கன்று என்பதை அறிவேன். ஆயினும் இந்த முப்பத்தைந்து ஆண்டுகளும் தக்காண வரலாற்றில் எத்தகையவை என்று பார்க்கும்போது மெய்சிலிர்க்கிறது. 1396இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்ததாகச் சொல்லப்படும் துர்காதேவிப் பஞ்சம் இந்நிலப்பகுதியைச் சுடுகாடாக்கிற்று. ஊர்கள் ஆளற்றுப் போயின. மலைக்கோட்டைகள் தலைவர்கள் கைக்கு மாறின. பாமினி அரசு 1429ஆம் ஆண்டையொட்டி நாட்டை மீண்டும் குடியேற்ற முனைந்தது. பழைய காணியாளர்கள் யாரென்று சொல்ல ஆளில்லை. எல்லைகள் மறந்துபோயிருந்தமையால் இரண்டு மூன்று ஊர்களை ஒன்றாக்கினார்கள். புதிதாக வந்து உழுவோருக்கு முதலாண்டில் வரியில்லை. இரண்டாம் ஆண்டில், குதிரையின் வாயில் கட்டும் கொள்ளுப்பை ஒன்று நிறையத் தானியம் கொடுத்தால் ஒரு பீகா நிலத்துக்குப் போதும் என்று விதித்தார்களாம்.

கொள்ளுப்பை வரிக்கு ஆசைப்பட்டு வந்த புதுக்குடியா விசுவம்பரர்? அல்லது பஞ்சத்தில் எஞ்சிய பழங்குடியின் கொழுந்தா? இரண்டுக்கும் இடமுண்டு. கனவில் வந்த தெய்வம், தோப்பில் கிடைத்த திருவுருவம், புதுக்கோயில் என்று கதை முழுவதிலும் ஒரு தொடக்கத்தின் வாசனை வீசுவதைக் கொண்டு, அவர் ஊரைப் புதுக்கிய தலைமுறையைச் சேர்ந்தவர் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் குலவழக்கம் இது என்று தாய் சொன்ன சொல், அதற்கு முன்னும் ஒரு குலம் இருந்ததைக் காட்டி நம் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

ஆங்கில நாட்டில் 1538 முதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் கோயிற்பற்று ஏடுகளில் பதியுமாறு அரசாணை இருந்தது. ஆகவே, அமெரிக்காவில் முதன்முதற் குடியேறிய உழவர் ஒருவரின் பிறப்பூரைத் தேடும் வழித்தோன்றலுக்கு ஏதேனும் ஓர் ஏடு கிட்டக்கூடும். அங்கும் ஒரே பெயரில் நால்வர் அகப்பட்டு, எவர் தம் பாட்டனார் என்று திகைப்போர் பலர். தேஹுவில் ஏடுகளின் கதையே வேறு. துகாராமர் குடும்பத்தினர் ஊர்ச் சந்தையின் மகாஜன் உரிமை பெற்று, உழவோடு கடையும் கொடுக்கல் வாங்கலும் நடத்தியவர்கள். துறவு மேலிட்ட துகாராமர் கடன் பத்திரங்களைத் தம்பி கான்ஹோபாவோடு பாகம் பிரித்து, தம் பங்கை இந்திராயணியில் எறிந்துவிட்டார் என்பர். பின்னொரு நாள் அவருடைய பாடற்சுவடிகளும் அதே ஆற்றில் மூழ்குவிக்கப்பட்டன. பதின்மூன்றாம் நாள் நனையாமல் மிதந்து வந்தன என்று மரபு கூறும். பாடல்களைத் திருப்பித் தந்த ஆறு கணக்குகளைத் திருப்பித் தரவில்லை. வரலாறு எழுதப் புகுந்தவன் அந்தப் பத்திரங்களுக்காகவே பெருமூச்சு விடுகிறான்!

குலப்பெயரைக் கொண்டு துப்புத் துலக்க முயன்றோரும் உளர். குடும்பப்பெயர் ஆம்பிலே, குலம் மோரே. மோரே என்பது மௌரியர் என்பதன் திரிபென்றும், ஆகவே இவர்கள் சந்திரகுப்த மௌரியனின் வழியினர் என்றும் சொல்வார்கள். ஒலியொற்றுமை மட்டுமே கையில் இருக்கும்போது ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பள்ளத்தைத் தாண்டுவது நமக்கும் புதிதன்று. நம் சோழர் செப்பேடுகள் கதிரவனிலிருந்து அல்லவா தொடங்குகின்றன!

இதற்கு ஒப்பாக, அதே நாட்டில், அதே நூற்றாண்டில் நடந்த வேறொன்றை நினைவுகூர்தல் தகும். சிவாஜியின் கொள்ளுப்பாட்டனார் பாபாஜி போஸ்லே, ஹிங்கணி, தேவள்காவ் ஆகிய ஊர்களுக்குப் பாட்டீல், அதாவது ஊர்த்தலைவர். அவருக்கு மேலே செய்தி மங்கிவிடுகிறது. 1674 ஜூன் 6ஆம் நாள் ராய்கட்டில் முடிசூட்டு விழா நடந்தபோது, காசியிலிருந்து வந்த காகா பட்டர், போஸ்லேக்கள் மேவாரின் சிசோதிய இராசபுத்திரர் வழியினர் என்று ஏற்றுச் சடங்கை நடத்திவைத்தார். உழுகுடித் தலைவரின் கொள்ளுப்பேரன் அரியணை ஏற அவ்வமிசாவளி தேவைப்பட்டது. போஸ்லேக்களின் வரலாற்றைத் தமிழ்நாட்டிலேயே காணலாம்: தஞ்சைப் பெரியகோயில் சுவரில் இரண்டாம் சரபோஜி மன்னர் 1803இல் மராத்தியில் பொறிக்கச் செய்த நீண்ட கல்வெட்டு அதுதான்.

துகாராமருக்கும் வேண்டியிருந்தால் ஒரு பட்டர் கிடைத்திருக்க மாட்டாரா? வேதம் ஓத உரிமையற்றவன் பாடலாமா என்று அவரை இடித்துரைத்தவர்கள் இருந்தார்கள். மௌரியர் கதையை எடுத்து நீட்டியிருந்தால் வாயடைத்திருக்கலாம். அவரோ தம்மைச் சூத்திரர் என்றும், தெய்வம் தம்மைக் குன்பியாகப் படைத்தது நன்றே ஆயிற்று என்றும் பாடினார். 'குடும்பின்' என்ற வடசொல்லின் வழிவந்ததாகக் கருதப்படும் 'குன்பி', நம் 'குடியானவர்' என்ற சொல்லுக்கு மிக நெருங்கியது. இல்லறமும் ஏரும் உடையவர் என்பது பொருள். விசுவம்பரரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள், காலத்தாலும் நேர்மையாலும் முதலிடம் பெறத்தக்கது எட்டாம் தலைமுறைப் பேரர் விட்டுச்சென்ற இந்த ஒரு சொல்தான் என்பேன்.

அந்தச் சொல்லுக்கு இக்காலத்தில் வேறொரு கனம் ஏறியிருக்கிறது. மராத்தியர்க்கு இடஒதுக்கீடு வேண்டுமென்ற கிளர்ச்சி மூண்டபோது, மராத்வாடாக் குடும்பங்களின் முன்னோர் 'குன்பி' என்று எழுதப்பட்டுள்ளனரா என்று நிஜாம் காலப் பதிவேடுகளைத் தேட, 2023இல் மகாராஷ்டிர அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்தீப் ஷிண்டே தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பழைய மோடி எழுத்தைப் படிக்க வல்லவர்களுக்குத் திடீரென்று கிராக்கி உண்டாயிற்று. ஒரு காலத்தில் மறைக்க விரும்பிய சொல்லை இன்று அரிக்கேன் விளக்கேற்றித் தேடுகிறார்கள். பள்ளியிலும் வேலையிலும் ஓர் இளைஞனின் இடம் கொள்ளுப்பாட்டனார் பெயருக்கெதிரே கணக்கன் அன்று எழுதிய ஒற்றைச் சொல்லைப் பொறுத்திருக்கும்போது, வமிச ஆராய்ச்சி பொழுதுபோக்கு என்று யார் சொல்ல முடியும்?

விசுவம்பரர் எடுத்த கோயில் இன்று இல்லை. துகாராமர் செப்பனிட்டதும் பிற்காலத் திருப்பணிகளுக்குள் மறைந்துவிட்டது. நடை மட்டும் நிற்கவில்லை. துகாராமரின் இளைய மகன் நாராயணர் 1685இல் தந்தையின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்துப் பண்டரிபுரத்துக்கு எடுத்துச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கினார். ஆஷாட மாதத்து ஏகாதசியை நோக்கி ஆண்டுதோறும் அப்பல்லக்கு தேஹுவிலிருந்து புறப்படுகிறது. தோளில் காவிக்கொடியும் கையில் தாளமுமாக வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் முதல் மழைக்கு விதைத்துவிட்டு வந்த குடியானவர்கள். தேஹு ரோட்டுத் தமிழர்கள் சாலையோரம் நின்று அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் என்று இவர்கள் கேட்பார்கள். அவர்களும் இவர்களை அதையே கேட்பார்கள்.