மகப்பேற்றுப் பின் மனச்சோர்வு

பிள்ளை பெற்ற பெண்ணை முதல் சில வாரங்களிலோ, ஓராண்டுக்குள் எப்போதாவதோ பற்றும் மனநோய். ஓயாத துயரம், எதிலும் பிடிப்பின்மை, 'நான் நல்ல தாயில்லை' என்ற குற்றவுணர்வு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும். தொட்டிலில் பிள்ளை அயர்ந்து தூங்கும்போதும் தாய்க்குக் கண் மூடாது.

வரலாறு

தமிழகச் சிற்றூர்களில் பிள்ளை பெற்றவளுக்கு வரும் காய்ச்சலும் பிதற்றலும் 'சன்னி' எனப்பட்டன. பேச்சற்று முடங்கியவளைக் 'காத்து கருப்பு' அண்டியதாகச் சொல்லி மந்திரித்தார்கள். பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியக் குழம்பும் பேறுகால மருந்தும் தவறாமல் கிடைத்தன. மனம் கணக்கில் வரவில்லை. ஐரோப்பாவில் மருத்துவர்களான எஸ்கிரோல் 1838-லும், லூயி விக்டர் மார்சே 1858-லும் பேறுகால மனநோய்களைப் பற்றி எழுதினர். மார்சேயின் நூல் இத்துறையின் முதல் தனிநூலாகப் போற்றப்படுகிறது. மனநல மருத்துவர் பிரைஸ் பிட் 1968-இல் மனச்சோர்வைத் தனியே விவரித்தார். இந்நோயைக் கண்டறிய உதவும், காக்ஸ் குழுவினரின் எடின்பரோ அளவுகோல் 1987-இல் வந்தது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். சிரிக்க முடிகிறதா என்பதில் தொடங்கி, தனக்குத் தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பதில் முடியும். இது தமிழிலும் சரிபார்க்கப்பட்டுள்ளது.

வகைப்பாடு

பிரசவமான சில நாட்களில் வந்து, இரண்டு வாரங்களுக்குள் தானே அடங்கும் அழுகை நோயன்று. பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு அது வரும். மனச்சோர்வு அதற்கு அடுத்த நிலை. ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரும் சித்தக்கலக்கம் உடனடி மருத்துவம் வேண்டுவது. அமெரிக்க மனநோய்க் கையேடு 1994-இல் 'பிரசவமாகி நான்கு வாரத்துக்குள்' என வரையறுத்தது. 2013-இல் கருவுற்ற காலத்தையும் சேர்த்துக்கொண்டது.

காரணங்கள்

ஹார்மோன் சரிவு எல்லாத் தாய்மாருக்கும் உண்டு. நோய் யாருக்கு என்பதில் வீட்டுச் சூழலுக்கும் பங்குண்டு. தமிழகக் கிராமப்புறத்தில் 359 பெண்களைச் சேர்த்து நடத்தி 2002-இல் வெளியான ஆய்வு, 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு கண்டது. குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கையுதவிக்கு ஆளின்மை ஆகியவை அதோடு இணைந்திருந்தன.

புதுக்கோட்டை

தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் (1886–1968) பெயரைத் தாங்கியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆலோசனையும் மருந்தும் இந்த மனச்சோர்வைக் குணப்படுத்தும். மனநல உதவி எண் 14416.